கெட்ட வானிலையில் துறைமுகத்தில் நிற்கும் இருவர் படகு: மூவரின் அனுபவப் பகிர்வு

துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் பாய்மரப் படகு அறுத்துக்கொண்டு போவதற்குப் பெரும்பாலும் கயிறு தேய்வதுதான் காரணம். துறைமுக வாய்வழியே நுழையும் நீள அலை படகை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் இழுப்பிலும் கயிறு படகின் விளிம்பில் ஒரே இடத்தில் உரசும். விடிவதற்குள் பாதி இழை போயிருக்கும். அந்த இடத்தில் கயிற்றைத் தடித்த ஹோஸுக்குள் நுழைத்து, ஹோஸ் நகராமல் இரண்டு முனையிலும் கட்டிவிடுங்கள். பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது.

கயிறு நைலானாக இருக்கட்டும், அது நீண்டு கொடுக்கும். பாயை இழுக்கும் பாலியஸ்டர் கயிறு விறைப்பானது. அதிர்ச்சி முழுக்கக் கிளீட்டில் (படகில் கயிற்றைச் சுற்றிக் கட்டும் கொம்பு) விழும், சில நேரம் கிளீட் போல்ட்டோடு பெயர்ந்து வந்துவிடும். கயிறுகளை இரட்டிப்பாக்கும்போது இரண்டையும் ஒரே கிளீட்டில் சுற்றாதீர்கள். சுருட்டிய முன்பாயைக் கழற்றி உள்ளே வைப்பதே மேல். அதையும் காற்று ஏறுவதற்கு முன்பே செய்தாக வேண்டும். காற்று ஏறியபின் இரண்டு பேரால் அடக்க முடியாது.

*

கட்டுவது பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் கணவனும் மனைவியுமாகப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது கிளம்பும் நாளில்தான். காற்று 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கி.மீ.) வேகத்துக்கு இறங்கியதும், ஊர் திரும்பும் தேதி வேறு நெருங்கியிருக்க, அவிழ்த்துவிடுவார்கள். வெளியே அலை இறங்கியிருக்காது.

முன்னறிவிப்பு சொல்லும் 2 மீட்டர் அலை உயரம் என்பது, உயரமான மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. அதே கடலில் அவ்வப்போது கிட்டத்தட்ட 4 மீட்டரில் ஒன்று வரும். காற்றும் அப்படித்தான்: சொல்வது சராசரி, திடீர் வீச்சு அதைவிட 40 சதவீதம்வரை கூடலாம். அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், 20 நாட் 30 ஆனால் பாயில் விழும் சுமை 2.25 மடங்கு.

முகத்துவாரம்தான் மோசமான இடம். கடல்நீர் வற்றும் நேரத்தில் வெளியே ஓடும் நீர் உள்ளே வரும் அலையை எதிர்க்கும். அலை குறுகிச் செங்குத்தாகி, மணல்திட்டின் மேல் உடையும். அதே இடம் கடல்நீர் ஏறும் நேரத்தின் கடைசி ஒரு மணியில் அடங்கிக் கிடக்கும். படகிலிருந்து பார்த்தால் இது தெரியாது. அலைதடுப்புச் சுவரருகே பாதுகாப்பான மேட்டில் நின்று 20 நிமிடம் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாகத்தான் வரும், ஐந்து நிமிடம் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

*

டீசலை யாரும் சொல்லவில்லையே. படகு ஆடாமல் கிடக்கையில் தண்ணீரும் கசடும் டேங்க்கின் அடியில் படியும். முதல் பெரிய அலையில் கலங்கி ஃபில்டரை அடைக்கும். இன்ஜின் நிற்பது முகத்துவாரத்தில்தான்! கிளம்புமுன் நீர்பிரிப்பான் கிண்ணத்தைத் தெளிந்த டீசல் வரும்வரை வடியுங்கள். மாற்று ஃபில்டர் இரண்டு, அதைக் கழற்றும் சாவி, டீசல் குழாயில் சிக்கும் காற்றை வெளியேற்றும் ஸ்பேனர் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வாயைத் தாண்டுவதற்கு முன்பே மெயின் பாயை ஏற்றிவிடுங்கள். நங்கூரமும் உடனே போடும் நிலையில் இருக்கட்டும்.

இன்னொன்று: ஒருவருக்கு வாந்தி வந்து படுத்துவிட்டால் அது தனியாள் படகு. எனவே முதல் நாள் 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் வைக்காதீர்கள். இருவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் கயிற்றை அவிழ்க்கக் கூடாது, ஏன் என்று கேட்கவும் கூடாது.