காலத்துக்கு முன்னாடியே வந்துட்ட கேம்கள்: மனசை விட்டுப் போகாத அந்த ஒரு கட்டம்

முப்பத்திரண்டு கேபி:
எலைட்ங்கிற விண்வெளி கேம், பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர், 1984. சண்டை, வியாபாரம் எல்லாம் இருக்கட்டும், கப்பலை விண்வெளி ஸ்டேஷனுக்குள்ள நுழைக்கிற அந்த டாக்கிங்தான் விஷயம். ஸ்டேஷன் சுத்திக்கிட்டே இருக்கும், வாசல் தபால்பெட்டி வாய் மாதிரி ஒரு கீறல். அது எப்பவும் கிரகத்தைப் பார்த்தே இருக்கும். அதனால ஸ்டேஷனைத் தாண்டி கிரகத்துப் பக்கம் போய், அங்கிருந்து திரும்பணும். வாசல் திரைக்கு நடுவுல வந்ததும் வேகத்தைக் குறைச்சு, காற்புள்ளி, முற்றுப்புள்ளி கீயைத் தட்டித் தட்டி கப்பலையும் அதே வேகத்துல உருட்டணும். சுத்திக்கிட்டிருந்த கீறல் படுக்கைவாட்டுல அசையாம நின்ன மாதிரி தெரியும் பாருங்க, அப்பத்தான் உள்ளே போகணும். பக்கவாட்டுல வந்துட்டு கடைசி நொடியில மூக்கைத் திருப்பினா சுவர்தான். முழு வேகத்துல மோதினா கப்பல் காலி.

விதைநெல்:
டாக்கிங் எல்லாம் கை பழகினா வந்துடும் சார். எலைட் காலத்தை முந்தினது அதனால இல்ல. 8 கேலக்ஸி, ஒவ்வொண்ணுலயும் 256 கிரகம், மொத்தம் 2,048. இதுல எதுவுமே பட்டியலா எழுதி வைக்கல. மூணு 16 பிட் எண்தான் விதை, அதாவது கணக்கோட ஆரம்பம். மூணையும் கூட்டு, 16 பிட்டுக்கு மேல வழியுறதை விட்டுடு, வர்றது அடுத்த எண். அதுல இருந்தே பேரு, விலை, அரசாங்கம் எல்லாம் பிறக்கும். லேவ்ங்கிற கிரகத்தோட பேரு கூட ஒரு அட்டவணையில இருந்த ரெண்டு ரெண்டு எழுத்தை ஒட்டினதுதான். கணக்கு அதேதான், அதனால எப்பப் போனாலும் கிரகம் மாறாது. 32 கேபி மெஷின்ல இதுக்கு வேற வழியும் இல்ல.

பெட்டிமேல்பெட்டி:
ட்ரெஸ்பாஸர்ங்கிற டைனோசர் கேம், 1998. திரையில உயிர்க்கோடு கிடையாது. குனிஞ்சு பார்த்தா நாம ஆடுற பொண்ணோட நெஞ்சுல ஒரு இதய டாட்டூ, உயிர் எவ்வளவு மிச்சம்னு அதுதான் காட்டும். டைனோசர் துரத்தும்போது குனிஞ்சு பார்க்கிற அந்த ஒரு நொடி! எத்தனை குண்டு மிச்சம்னும் அவளே வாயால சொல்லுவா. ஆனா துப்பாக்கி சுவர்ல இடிச்சா கையை விட்டு விழுந்துடும். பெட்டி அடுக்கி ஏறலாம்னா, ஒண்ணுக்குள்ள ஒண்ணு லேசாப் புதைஞ்சதும் ஸ்பிரிங் மாதிரி வெளியே தள்ளும் கணக்கு அது, அதனால அடுக்கு நடுங்கிக்கிட்டே சரியும். யோசனை முந்திடுச்சு, அன்னைக்கு இருந்த ப்ராசசர் பின்னாடியே நின்னுடுச்சு.

ரெண்டாம் போர்ட்:
மெட்டல் கியர் சாலிட், 1998, மனசைப் படிக்கிற வில்லன் சைக்கோ மேன்டிஸ். மெமரி கார்டுல இருக்கிற கோனாமி கம்பெனியோட மத்த கேம்களோட சேவ் ஃபைலைப் படிச்சு, நீ என்ன ஆடுறேன்னு சொல்லுவான்.

இப்ப ஆடப்போறவங்களுக்கு ஒண்ணு (யாரும் கேட்கல, இருந்தாலும்). ப்ளேஸ்டேஷன்ல கண்ட்ரோலரைப் பிடுங்கி ரெண்டாவது போர்ட்ல செருகினா அவனால மனசைப் படிக்க முடியாது. பிஎஸ்3-ல பிஎஸ் பட்டனை அழுத்தி கண்ட்ரோலரை 2-க்கு மாத்தணும். எமுலேட்டர்னா (பழைய கேமை கம்ப்யூட்டர்ல ஓட்டுற மென்பொருள்) சண்டைக்கு முன்னாடியே ரெண்டாவது போர்ட்டுக்கும் அதே பேடை ஒதுக்கி வைங்க. இல்லேன்னா நடுவுல செட்டிங்ஸைத் தேடிக்கிட்டு இருப்பீங்க. புது மெமரி கார்டு வெச்சா அவன் படிக்க எதுவும் இருக்காது, பாதி ரசனை போச்சு, அதனால வேற ஒரு கோனாமி கேமை முதல்ல சேவ் பண்ணிடுங்க. "கண்ட்ரோலரைத் தரையில வை"ன்னு அவன் சொல்றப்போ அதிர்வு வசதி இருக்கிற பேடா இருக்கணும். திரை கறுப்பாகி மூலையில, வீடியோங்கிற மாதிரியே, ஹிடியோன்னு வந்தா டிவி பழுதுன்னு கேபிளைப் பிடுங்காதீங்க, அதுவும் அவன் வேலைதான். போர்ட் மாத்தவே வழி இல்லேன்னா ரேடியோவுல வழி சொல்ற கர்னலைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுங்க, அறையில இருக்கிற சிலைகளை உடைக்கச் சொல்லுவார். கேம்ல வர்ற மெரிலை ரேடியோவுல கூப்பிடுற அலைவரிசை 140.15, சிடி உறையோட பின்பக்கப் படத்துல இருக்கும். உறை இல்லாம வாங்கினவங்க இங்கிருந்து குறிச்சுக்கோங்க.

முப்பத்திரண்டு கேபி:
விதைநெல், "கை பழகினா வந்துடும்"னா தானே கப்பலை உள்ளே நுழைக்கிற டாக்கிங் கம்ப்யூட்டரை 1,500 கிரெடிட்டுக்கு (கேம் காசு) ஏன் வித்தாங்க? ஆரம்பத்துல கையில இருக்கிறது 100.