தேர்தல் பத்திரங்கள்: செய்தியாளர்கள் செய்தது என்ன?

மருதன் (கேள்வி):
தேர்தல் பத்திரத் திட்டம் (வங்கியில் பத்திரம் வாங்கி, பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தரும் முறை) செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று தீர்ப்பளித்ததை, சுதந்திரமான புலனாய்வு இதழியலின் வெற்றி என்று பலர் எழுதுகிறார்கள். வழக்குத் தொடுத்தவர்கள் வேறு, தீர்ப்புச் சொன்னவர்கள் நீதிபதிகள். அப்படியிருக்க, இதில் செய்தியாளர்களின் பங்கு என்ன?

இளவேனில்:
2018 ஏப்ரலில் ‘தி குவிண்ட்’ செய்தித் தளத்தின் செய்தியாளர் பூனம் அகர்வால் ஆயிரம் ரூபாய்ப் பத்திரங்கள் இரண்டை வாங்கித் தடயவியல் ஆய்வகத்தில் சோதிக்கச் செய்தார். நன்கொடையாளர் யாரென்று எவருக்கும் தெரியாது என்று அரசு சொல்லிவந்த அந்தத் தாளில், புற ஊதா ஒளியில் மட்டுமே தெரியும் தனித்த எண் ஒன்று மறைந்திருந்தது. அது வெறும் பாதுகாப்பு அம்சம் என்று நிதி அமைச்சகம் விளக்கமளித்தது. 2024 மார்ச்சில் பாரத ஸ்டேட் வங்கி முதலில் கொடுத்த விவரங்களில் வாங்கியவர்களின் பட்டியல் தனியாகவும் கட்சிகளின் பட்டியல் தனியாகவும் இருந்தன. இரண்டையும் பொருத்திப் பார்க்க உதவியது, நீதிமன்றம் கண்டித்த பிறகு வங்கி ஒப்படைத்த அதே எண்தான். அப்படியோர் எண் இருப்பதே வெளியே தெரியாமல் போயிருந்தால், நீதிமன்றம் எதைக் கேட்டு வாங்கியிருக்கும்?

கதிரவன்:
ஆவணங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி லோகேஷ் பத்ரா தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே பெற்ற கோப்புகளைக் கொண்டு, இத்திட்டத்தை ரிசர்வ் வங்கி 2017-லேயே எதிர்த்ததைச் செய்தியாளர் நிதின் சேத்தி 2019 நவம்பரில் தொடர் கட்டுரைகளாக எழுதினார்.

மருதன்:
ஆனால் அதற்குப் பிறகும் பத்திர விற்பனை நான்கு ஆண்டுகளுக்கு மேல் நடந்ததே?

இளவேனில்:
நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் விவரங்கள் வெளிவந்தபோது, பத்திரம் பெற்ற எந்தக் கட்சியும் தப்பவில்லை. பத்திரங்களை மிக அதிகமாக, 1,368 கோடி ரூபாய்க்கு, வாங்கியது லாட்டரி அதிபர் மார்ட்டினின் நிறுவனம். அதில் 500 கோடிக்கு மேல் தி.மு.க.வுக்குச் சென்றது. லாட்டரி 2003 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட தொழில் என்பதை இங்கே எத்தனை பேர் கேள்வியாக எழுப்பினார்கள்?

கதிரவன்:
செய்தியாளர்களின் நிலையையும் பாருங்கள். நிதின் சேத்தியும் சேர்ந்து தொடங்கிய ‘தி ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ்’ என்ற புலனாய்வு இதழியல் அமைப்பின் இலாப நோக்கற்ற தகுதியை வருமான வரித் துறை ரத்து செய்துவிட்டதாக, 2025 ஜனவரியில் அவ்வமைப்பே அறிவித்தது. இதழியல் பொதுநோக்கத்துக்கானது அன்று என்பதே துறை சொன்ன காரணமாம்.