'சனநாயக எதிர்ப்பு' போதுமா?

வணக்கம். மக்களாட்சியை ஏற்காத கொள்கையை (anti-democracy) தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற பேச்சில் வந்த ஒரு கருத்துக்கு என் மறுமொழி இது.

> 'சனநாயக எதிர்ப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் இரண்டு விதமாகப் புரியும். சனநாயகத்தை எதிர்ப்பது ஒன்று, சனநாயக வழியில் எதிர்ப்பது இன்னொன்று. உண்ணாவிரதம் இருப்பவரும் பீரங்கியோடு நாடாளுமன்றத்துக்கு வருபவரும் ஒரே தொகைச்சொல்லில் அடைபட்டுவிடுகிறார்கள். போதாததற்கு, 'எதிர்க்கட்சி' என்ற சொல்லில் எதிர் என்பது மக்களாட்சிக்கு இன்றியமையாத உறுப்பாக நிற்கிறது. அந்த மதிப்பைக் கெடுக்க வேண்டாம்.

என் பரிந்துரை 'மக்களாட்சி மறுப்பு'. கடவுள் மறுப்பு, சாதி மறுப்பு என்று ஏற்கெனவே பழகிய வார்ப்புதான். மறுப்பாளர் ஒரு கொள்கையை ஏற்காதவர், அவ்வளவே. பழங்கால கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ அப்படிப்பட்டவர். ஆட்சிமுறைகளை வரிசைப்படுத்தியபோது மக்களாட்சியைக் கொடுங்கோன்மைக்கு ஒரு படி மேலேதான் வைத்தார். அவருடைய தாய்வழி உறவினர் கிரிட்டியாஸோ, கி.மு. 404இல் பகை நகரமான ஸ்பார்ட்டாவின் துணையோடு ஏதென்ஸில் மக்களாட்சியை நீக்கி ஆட்சிக்கு வந்த முப்பது பேர் குழுவில் முதன்மையானவர். அவர்கள் காலத்தில் சுமார் 1500 பேர் கொல்லப்பட்டதாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. ஒரே குடும்பம்தான், ஆனாலும் இருவரையும் ஒரே சொல்லால் குறிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கிரிட்டியாஸ் செய்தது 'மக்களாட்சிக் கவிழ்ப்பு'. ஏதென்ஸ் சட்டமும் மக்களாட்சியைக் கலைப்பதைத் தனிக் குற்றமாகவே வைத்திருந்தது.

சரி, கவிழ்க்க நினைத்தும் வலுவில்லாதவர்களை என்ன சொல்வது? ஜெர்மனியில் இதற்கு வழக்கே நடந்தது. 1952இலும் 1956இலும் ஒவ்வொரு கட்சியைத் தடை செய்த அரசியலமைப்பு நீதிமன்றம், 2017இல் என்.பி.டி. என்ற தீவிர வலதுசாரிக் கட்சியைத் தடை செய்யவில்லை. அதன் நோக்கம் அரசியலமைப்புக்குப் பகையானதுதான், ஆனால் அதை நிறைவேற்றும் திறன் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை என்றது தீர்ப்பு. இப்படிப்பட்ட இடத்துக்கு 'மக்களாட்சிப் பகை' பொருந்தும். மறுப்பை விடக் கடுமையானது, கவிழ்ப்பு வரை போகாதது.

'உரிமை மறுப்பு' போல, மக்களுக்கு ஆட்சியுரிமை தர மறுப்பது என்றும் 'மக்களாட்சி மறுப்பு' என்பதைப் படிக்கலாமே என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கொள்கையைப் பேசும் இடத்தில் 'மக்களாட்சி மறுப்புக் கொள்கை' என்று முழுதாக எழுதிவிட்டால் அந்த மயக்கம் நீங்கும். செய்தித் தலைப்புக்கு இது நீளம் என்பவர்கள் சுருக்கமான ஒன்றை முன்வையுங்கள், பேசலாம். 'எதிர்ப்பு' மட்டும் வேண்டாம்.

அன்புடன்