மறு: பழைய போனில் ஓடும் விளம்பரத் தடுப்பு, சிங்க்ஹோலுக்குத் தமிழ் என்ன?

வணக்கம் நண்பர்களே,

இழையை முழுக்கப் படித்தேன். பழைய ஆண்ட்ராய்டு போனை வீட்டு நெட்வொர்க் முழுவதற்கும் விளம்பரம் தடுக்கும் கருவியாக மாற்றும் கையேட்டுக்கு ஒரே ஒரு சொல் கேட்டார்கள்: வேண்டாத தளங்களின் முகவரியைக் கேட்டால் தராமல் விடும் 'சிங்க்ஹோல்' கருவிக்குத் தமிழ் என்ன என்று. நாம் கருந்துளை, புதைகுழி, உறிஞ்சுகுழி என்று குழியாகவே தோண்டிக்கொண்டிருக்கிறோம்.

> சிங்க்ஹோல் மென்பொருளான பை-ஹோலின் முழக்கமே 'இணைய விளம்பரங்களுக்கு ஒரு கருந்துளை' என்பதுதான். கருந்துளை என்றே வைத்துவிடலாமே.

அது அவர்களுடைய சொல் விளையாட்டு. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் 'பை', வாயைக் குறிக்கும் ஓர் அமெரிக்கக் கொச்சைச் சொல், வானியலின் கருந்துளை, மூன்றையும் ஒரே பெயரில் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். தமிழுக்கு வந்தால் அந்த முடிச்சு அவிழ்ந்துபோய் வானியல் சொல் மட்டும்தான் கையில் நிற்கும். உறிஞ்சுகுழி என்றால் ஊராட்சியில் கழிவுநீர் இறங்க வெட்டுவது. புதைகுழியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, வீட்டில் வைக்கிற பொருள் அது.

எனக்குக் குழியே பிடிக்காததற்குக் காரணம், இங்கே எதுவும் எதிலும் விழுவதில்லை. நடப்பது இவ்வளவுதான்: செயலியோ உலாவியோ விளம்பர வழங்கியின் பெயரைச் சொல்லி அதன் ஐபி முகவரி (இணையத்தில் அதன் எண்) என்ன என்று, பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது. வீட்டுக்கு அந்த டிஎன்எஸ்ஸாக இருக்கும் நம் பழைய போன் தன் பட்டியலைப் பார்த்து, அந்தப் பெயர் அதில் இருந்தால் 0.0.0.0 என்று எதற்கும் உதவாத ஒரு முகவரியைக் கொடுக்கும், அல்லது அப்படியொரு பெயரே கிடையாது என்று சொல்லிவிடும். தெருமுனைக் கடையில் விலாசம் கேட்டவரிடம் 'அப்படி யாரும் இங்கே இல்லையே' என்று சொல்லி அனுப்புகிற மாதிரி. விளம்பரம் கிளம்பி வந்து தடுக்கப்படவில்லை, அதைக் கூப்பிடவே இல்லை.

> 'விளம்பரத் தடுப்பான்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

இருக்கிறது, உலாவி நீட்சிக்கு. அது பக்கத்துக்குள்ளே நுழைந்து கட்டங்களையும் நிரல்களையும் பிடுங்குகிறது, அதற்குத் தடுப்பான் சரி. இதற்கும் அதே பெயரை வைத்தால் இரண்டு விதத்தில் ஏமாற்றம். யூடியூபில் விளம்பரமும் படமும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருவதால் டிஎன்எஸ் மட்டத்தில் அதை ஒன்றும் செய்ய முடியாது, 'தடுப்பான் வேலை செய்யவில்லை' என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும். அப்புறம், இது விளம்பரத்தோடு நிற்பதுமில்லை. ஸ்மார்ட் டிவி தன் நிறுவனத்துக்கு அனுப்பும் உளவுத் தகவல், தீநிரல் பரப்பும் தளங்கள் எல்லாவற்றையும் இதே பட்டியலில் போடலாம். ஆகவே பெயரில் விளம்பரம் வேண்டாம்.

> 'முகவரி மறுப்பான்' என்றால்?

இது கிட்டத்தட்ட சரி, நானும் முதலில் இதற்குத்தான் வாக்களிக்க இருந்தேன். ஆனால் டிஎன்எஸ்ஸின் விதிமுறை ஆவணமான, 1987-இல் வந்த ஆர்எஃப்சி 1035-ஐப் பார்த்தால் பதில் குறியீடுகளில் 3 என்றால் அப்படிப் பெயர் இல்லை, 5 என்றால் பதில் தர மறுக்கிறேன். இரண்டும் வேறு வேறு. 'மறுப்பு' 5-க்குத் தேவைப்படும் சொல், அதை இங்கே செலவழித்துவிட்டால் பிழைச் செய்திகளை மொழிபெயர்க்கும்போது திண்டாடுவோம்.

என் முன்மொழிவு: கைவிரிப்பான். 'அதிகாரிகள் கைவிரித்தனர்' என்று நாளிதழ்கள் எழுதுவதுதான், கொச்சை என்று யாரும் சொல்ல முடியாது. தன்னிடம் கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்லிவிடுவது என்ற பொருள் ஏற்கெனவே அதில் இருக்கிறது, விளக்கவுரை தேவையில்லை. முக்கியமாக வினையாகவும் மடங்கும். பை-ஹோல் போன்ற இன்னொரு மென்பொருளான அட்கார்ட் ஹோமின் முகப்பில் வைத்துப் பாருங்கள்: 'கேட்டவை', 'கைவிரித்தவை', 'இந்தப் பெயருக்குக் கைவிரி', 'கைவிரிப்புப் பட்டியல்'. கருந்துளையை வைத்து ஒரு பொத்தானுக்குப் பெயர் எழுதிக் காட்டுங்கள் பார்க்கலாம்!

கையேட்டைப் பற்றியும் கொஞ்சம். 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளை (சேவைகளுக்கான வாசல் எண்கள்) ரூட் (முழுக் கட்டுப்பாட்டு உரிமை) இல்லாத ஆண்ட்ராய்டு செயலிகளுக்குத் தராது. டிஎன்எஸ் 53-இல் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டெர்மக்ஸ் செயலியில் வேறு எண்ணில் ஓட்டலாம், ஆனால் ரவுட்டர் டிஎச்சிபி (சாதனங்களுக்கு நெட்வொர்க் அமைப்புகளைத் தரும் முறை) வழியாகச் சாதனங்களுக்குச் சொல்வது டிஎன்எஸ்ஸின் முகவரியை மட்டும்தான், போர்ட் எண்ணைச் சொல்ல அங்கே இடமில்லை. எனவே ரூட் செய்யுங்கள், அல்லது போன் ஆதரவுப் பட்டியலில் இருந்தால் ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போடுங்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும், கடைசியில் சொன்னால் திட்டுவார்கள். பை-ஹோல் 512 மெகாபைட் ரேம்தான் கேட்கிறது, அந்த விஷயத்தில் பழைய போன் தாராளம். 'பாதுகாப்புக்கு' இரண்டாவது டிஎன்எஸ்ஸாக கூகுளின் 8.8.8.8 கொடுங்கள் என்ற வரியை எடுத்துவிடுங்கள். சாதனங்கள் இரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கும், பாதி விளம்பரம் அந்த வழியாக வந்துவிடும். நாள் முழுக்கச் சார்ஜில் கிடக்கும் பழைய பேட்டரி வீங்கலாம் என்ற எச்சரிக்கை அடிக்குறிப்பில் இருக்கிறது, அதைத் தடித்த எழுத்தில் மேலே கொண்டுவர வேண்டும். சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கடைசியாக, யாரோ 'விலக்குப் பட்டியல்' என்று எழுதியிருந்தார்கள், எந்தப் பெயர்களை விட்டுவிட வேண்டும் என்ற பட்டியலுக்கு. வேண்டாம். வரிவிலக்கு மாதிரி படிப்பவரும் இருப்பார், மதுவிலக்கு மாதிரி படிப்பவரும் இருப்பார், இரண்டாமவர் வங்கித் தளத்தைத் தேடி அதில் சேர்த்துவிட்டு நம்மைக் கேட்பார். 'அனுமதிப் பட்டியல்' போதும். எதிர்ப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் கைவிரிப்பானைக் கையேட்டில் ஏற்றிவிடலாம்.