மட்டக்களப்பு மாநகர சபையின் கோரிக்கைப் பட்டியல்: திருகோணமலைக்கா, கொழும்புக்கா?

படுவான்கரை:
"சட்டம் மாற வேண்டுமென்றால் ஒரு பாராளுமன்ற உறுப்பினரைப் பிடித்தால் போதும், மாநகர சபைக்கு அதில் என்ன வேலை?" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. தமக்கு வேண்டிய சட்ட மாற்றங்களைப் பட்டியலிட்டு மேலே கேட்பதை அமெரிக்காவில் பல மாநகரங்கள் ஒழுங்காகச் செய்கின்றன. எந்தச் சட்டம் தமக்குத் தடை என்று ஒவ்வொரு பிரிவும் எழுதிக் கொடுக்கும். ஒரு குழு அவற்றைச் சலித்தெடுக்கும். மாநிலச் சட்டமன்றம் கூடுமுன்பே மாநகர மன்றம் தீர்மானமாக நிறைவேற்றிவிடும். டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழமையான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, அதுவும் 140 நாட்கள்தான். பட்டியல் இல்லாமல் போன மாநகரம் அடுத்த தடவைவரை காத்திருக்க வேண்டும். மட்டக்களப்பு மாநகர சபையும் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தோடு ஐந்து கோரிக்கைகளை நிறைவேற்றிக் கொழும்புக்கு அனுப்பட்டும்.

புளியந்தீவான்:
கொழும்புக்கா? தம்பி, மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தைத் திறந்து பாருங்கள். ஒன்பதாம் அட்டவணை, மாகாண சபை நிரல், நான்காம் விடயம்: உள்ளூராட்சி. பட்டியல் போக வேண்டிய இடம் கிழக்கு மாகாண சபை இருக்கும் திருகோணமலை.

படுவான்கரை:
அதே நான்காம் விடயம், சபைகளின் அமைப்பும் கட்டமைப்பும் பாராளுமன்றச் சட்டத்தால் தீர்மானிக்கப்படும் என்றும் சொல்கிறதே! பாதியைப் படித்துவிட்டுப் பாடம் நடத்துகிறீர்கள், அண்ணன்.

புளியந்தீவான்:
சபைகளை மேற்பார்வை செய்வது யார்? மாகாணம். மேலதிக அதிகாரம் கொடுக்கக்கூடியது யார்? மாகாணம். இதற்காகத்தான் எங்கள் தலைமுறை இவ்வளவு இழந்தது. கிடைத்த சொற்ப அதிகாரத்தையும் நாமே கொழும்பிடம் கொண்டுபோய்க் கொடுப்பதா? பட்டியல் திருகோணமலைக்கு.

கல்முனை வாசி:
திருகோணமலையில் யாரிடம் கொடுப்பீர்கள்? கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. சபை இல்லாமல் ஆளுநரால் மட்டும் நியதிச்சட்டம் (மாகாணச் சட்டம்) இயற்ற முடியாது. 2020 பெப்ரவரியில் எங்கள் கல்முனை மாநகர சபைக்குள் இருக்கும் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வந்ததும், சில நாட்களிலேயே அது நிறுத்தப்பட்டதும் கொழும்பிலிருந்துதான்.

புளியந்தீவான்:
மட்டக்களப்பைப் பற்றிப் பேசும்போது கல்முனையை ஏன் இழுக்கிறீர்கள்? உங்கள் எல்லைப் பிரச்சினைக்கு இது இடமில்லை.

கல்முனை வாசி:
எல்லைப் பிரச்சினையை நான் பேசவேயில்லை. உதாரணம் சொன்னேன். அம்பாறை மாவட்டத்திலிருந்து யார் வாய் திறந்தாலும் உங்களுக்கு இதே சந்தேகம்தான்.

கல்லடி ஆசிரியை:
பட்டியலில் என்ன எழுதுவது என்று யாராவது பேசுவீர்களா? சோலைவரிக்கான (வீடு, கட்டடங்களுக்கான வரி) மதிப்பீடு விலைமதிப்புத் திணைக்களத்தின் கையில். ஆளணிக்கு (எத்தனை ஊழியர்கள் என்பதற்கு) முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் அனுமதி தர வேண்டும். கல்லடிப் பாலத்து வீதியோ, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. 2023 மார்ச்சில் சபைகள் கலைந்து, 2025 மே தேர்தல் வரை கேள்வி கேட்க ஓர் உறுப்பினர்கூட இருக்கவில்லை. அப்படியொரு இடைவெளி மீண்டும் வராமல் சட்டம் வேண்டும் என்பதையே முதல் கோரிக்கையாக வைக்கலாமே?

புளியந்தீவான்:
ஆசிரியை, கோரிக்கையைப் பிறகு பார்க்கலாம். முகவரி தவறினால் கடிதம் எப்படிப் போய்ச் சேரும்?

படுவான்கரை:
ஆசிரியை சொன்ன மூன்று நிறுவனங்களும் மத்திய அரசினுடையவை. சபைகளுக்கான தேர்தல் சட்டமும் பாராளுமன்றத்தினுடையது. இதற்குப் பிறகுமா திருகோணமலை?

புளியந்தீவான்:
திருகோணமலைதான். கல்லடிப் பால விளக்குகள் பற்றிப் பேசியபோதும் நீர் இப்படித்தான் என்னோடு மல்லுக்கு நின்றீர். நான் மறக்கவில்லை.

படுவான்கரை:
விளக்கு விடயத்தில் நான் சொன்னதே சரி. பழைய பதிவுகளைத் தேடிப் படியுங்கள்.

வாவிக்கரையான்:
இரண்டு பிரதி எடுத்து இரண்டு இடத்துக்கும் அனுப்பினால் என்ன?

புளியந்தீவான்:
இரண்டு இடத்துக்கும் அனுப்புவது என்றால் கொழும்பின் உரிமையை ஒப்புக்கொள்வது என்று அர்த்தம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாகாண சபைத் தேர்தலை நடத்து என்பதே முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

கல்முனை வாசி:
அந்தத் தேர்தலுக்கான சட்டத்தைத் திருத்த வேண்டியது எந்த மன்றம் ஐயா? அதை மட்டும் சொல்லுங்கள்.

புளியந்தீவான்:
கேள்வியைத் திருப்ப வேண்டாம். நான்காம் விடயத்தை முழுமையாகப் படித்துவிட்டு வாருங்கள்.

படுவான்கரை:
முழுமையாகப் படிக்க வேண்டியது நீங்கள்தான்.