கட்டாரில் இருந்து யுஎஸ்டிடி அனுப்பி இங்கே ஈசி கேஷில் காசு எடுக்கலாமா?

களுவாஞ்சிக்குடி_தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணன் டோஹாவில் ஏசி மெக்கானிக். மாதா மாதம் அம்மாவின் வங்கிக் கணக்குக்கு காசு அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் கம்பனி மூலமாகத்தான் அனுப்புகிறவர். இப்போது அவருடைய கேம்பில் ஒருவர், இனி எக்ஸ்சேஞ்சுக்குப் போகத் தேவையில்லை, நான் யுஎஸ்டிடி (ஒன்று ஒரு டொலர் என்று கணக்கிடப்படுகிற கிரிப்டோ காசு) தருகிறேன், அதை உன் தம்பியின் வொலட்டுக்கு (கிரிப்டோ வைக்கிற போன் கணக்கு) அனுப்பு, அவன் ஊரில் பீடூபீயில், அதாவது ஒன்லைனில் நேரடியாக இன்னொரு ஆளுக்கு, விற்று அம்மாவின் ஈசி கேஷுக்கு (போனில் காசு வைக்கிற கணக்கு) காசைப் போட்டுக்கொள்ளட்டும், கொமிஷனும் இல்லை ரேட்டும் நல்லது என்று சொல்கிறாராம். அண்ணனுக்கு ஆசை வந்துவிட்டது. எனக்கு கிரிப்டோ அவ்வளவாகத் தெரியாது. உண்மையில் மலிவா? பிறகு ஏதாவது பிரச்சினை வருமா? ஈசி கேஷ் நம்பரும் வங்கிக் கணக்கும் அம்மாவின் பெயரில்தான் இருக்கின்றன, அதனால்தான் யோசனை.

வாவிக்கரை:

தம்பி, முதலில் கணக்கைப் பார்ப்போம். கட்டார் றியால் டொலருக்கு 3.64 என்று மாறாமல் கட்டி வைத்த காசு. அப்படியென்றால் 1,000 றியாலுக்கு 274 டொலர் சொச்சம் வர வேண்டும். அந்த ஆள் ஒரு யுஎஸ்டிடியை 3.75க்குத் தருகிறார் என்று வை, கைக்கு வருவது 266தான். எட்டு டொலர் அங்கேயே போயிற்று, இதைத்தான் கொமிஷன் இல்லை என்கிறார்கள். யுஎஸ்டிடி போகிற பாதைகளில் ஒன்றான ட்ரொன் நெட்வேர்க்கில் அனுப்ப ஒன்றிரண்டு டொலர் போகும். இங்கே வாங்குகிறவனும் தன் லாபத்தை வைத்துத்தான் விலை சொல்லுவான். அண்ணன் எக்ஸ்சேஞ்சில் 15, 20 றியால் கட்டுகிறார் என்றால் அது நாலைந்து டொலர். எக்ஸ்சேஞ்சும் ரேட்டில் கொஞ்சம் எடுக்கும்தான், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 200 டொலர் அனுப்ப உலகச் சராசரியாக 6 வீதத்துக்கு மேல் செலவாகிறது என்ற உலக வங்கிக் கணக்கை கிரிப்டோ வீடியோக்களில் காட்டுவார்கள், ஆனால் அந்தச் சராசரியில் ஆபிரிக்காவின் விலை கூடிய பாதைகளும் சேர்ந்திருக்கின்றன, வளைகுடாவில் இருந்து நம் பக்கம் வருகிற பாதை அதைவிட மலிவு.

யுஎஸ்டிடி ஒரு வொலட்டில் இருந்து இன்னொரு வொலட்டுக்குப் போகிற பகுதி உண்மையிலேயே நல்ல தொழில்நுட்பம். சில நிமிடத்தில் வந்துவிடும், வெள்ளிக்கிழமை போயா தினம் ஒன்றும் பார்க்காது. நெட்வேர்க்கை மட்டும் மாற்றிப் போட்டால் காசு போனது போனதுதான், திருப்பித் தர மனேஜர் கிடையாது.

ஆபத்து கடைசியில் ரூபாவாக மாற்றுகிற இடத்தில். உன் யுஎஸ்டிடியை வாங்குகிறவன் யார் என்று உனக்குத் தெரியாது. அவன் வேறு ஒரு ஊரில் யாரையோ ஒன்லைன் வேலை, லொத்தர் என்று ஏமாற்றி, 'இந்தக் கணக்குக்குப் போடுங்கோ' என்று உன் அம்மாவின் கணக்கு இலக்கத்தைக் கொடுத்திருப்பான். ஏமாந்த ஆள் போட்ட காசு உனக்கு வரும், நீ சந்தோஷமாக யுஎஸ்டிடியை விடுவிப்பாய். பிறகு அந்த மனுசன் பொலிஸுக்குப் போனால் அவர்கள் பிடிக்கிற முதல் ஆள் உன் அம்மா, ஏனென்றால் பெயரோடும் அடையாள அட்டையோடும் இருக்கிறவர் அவர் ஒருவர்தான். எனக்குத் தெரிந்த ஒரு பெடியனின் கணக்கு இப்படித்தான் முடக்கப்பட்டது, உள்ளே இருந்த சம்பளத்தையும் எடுக்க முடியாமல் அலைந்தான்.

சம்மாந்துறை_வயல்:

வாவிக்கரை சொன்னது சரி. நான் சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். இலங்கையில் கிரிப்டோ வைத்திருப்பது குற்றம் என்று யாராவது சொன்னால் அது பிழை, ஆனால் அனுமதி இருக்கிறது என்று சொல்வதும் பிழை. மத்திய வங்கி 2018, 2021, 2022 என்று திரும்பத் திரும்ப எச்சரிக்கை விட்டது. இது சட்டபூர்வ நாணயம் இல்லை, இதை நடத்த எந்த நிறுவனத்துக்கும் நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அதில் இருந்தது. வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் வந்த பணிப்புரைப்படி டெபிட், கிரெடிட் கார்டால் கிரிப்டோ வாங்கவும் கூடாது. அதாவது காசு போனால் முறையிட ஒரு கதவும் இல்லை.

கட்டார் பக்கம் இன்னும் இறுக்கம். 2018இலேயே கட்டார் மத்திய வங்கி அங்குள்ள வங்கிகளை பிட்கொயின் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 2024இல் டிஜிட்டல் சொத்துகளுக்கு விதிகள் கொண்டுவந்தபோதும் கிரிப்டோவையும் யுஎஸ்டிடி போன்ற ஸ்டேபிள்கொயினையும் உள்ளே எடுக்கவில்லை. அங்கே விசாவில் வேலை செய்கிற ஒருவர் கேம்பில் கைக்காசு கொடுத்து யுஎஸ்டிடி வாங்கி மாட்டினால் வேலையே கேள்விக்குறி. அண்ணனிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2021 கடைசியில் வங்கியில் டொலர் 200 ரூபா சொச்சத்தில் நின்றபோது வங்கிக்கு வெளியே காசு மாற்றிக் கொடுக்கிற உண்டியல்காரர் அதைவிட நிறையக் கூட்டிக் கொடுத்தார்கள். அதனால் எங்கள் ஊரில் பாதி வீட்டுக்காவது உண்டியலில்தான் காசு வந்தது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பால்மா வாங்க வேண்டுமே. 2020இல் 7.1 பில்லியன் டொலர் வங்கி வழியாக வந்த நாட்டுக்கு 2022இல் வந்தது 3.8 பில்லியன்தான். டொலர் இல்லாமல் நாங்கள் பெற்றோல் வரிசையில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். 2022 மார்ச்சில் ரூபாவின் விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று மிதக்க விட்ட பிறகு வங்கி ரேட்டுக்கும் உண்டியல் ரேட்டுக்கும் இருந்த இடைவெளி பெரும்பாலும் மூடிவிட்டது. கேம்ப்காரர் சொல்கிற 'நல்ல ரேட்' எங்கே இருந்து வருகிறது என்று அவரிடமே கேட்கச் சொல்லுங்கள்.

சாய்ந்தமருது_டிசைனர்:

காக்கா சொல்வதோடு எனக்கு உடன்பாடுதான், ஆனால் கிரிப்டோவை முழுக்க ஒதுக்கவும் மனம் இல்லை. நான் லோகோ வேலை செய்கிறேன், நைரோபியில் ஒரு கிளையன்ட் இருக்கிறார். பேபால் என்ற ஒன்லைன் காசுச் சேவையில் இலங்கையில் இருந்து காசு கட்டலாம், நமக்கு வருகிற காசைப் பெற முடியாது, இது எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய தலையிடி என்று செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். அந்த கிளையன்ட் ஒவ்வொரு முறையும் யுஎஸ்டிடியில் தரவா என்றுதான் கேட்பார், ஏனென்றால் அங்கே எம்-பேசா என்ற போன் காசுச் சேவையில் ஷில்லிங் கொடுத்து பீடூபீயில் யுஎஸ்டிடி வாங்குவது சர்வசாதாரணம்.

ஆனால் கென்யாவிலும் அது சும்மா வந்ததில்லை. அங்குள்ள தொலைபேசிக் கம்பனி சஃபாரிகொம் 2007இல் எம்-பேசாவைத் தொடங்கி, பெட்டிக்கடை வரைக்கும் ஏஜென்ட் வைத்து, ஊரே போனில் காசு வைத்துப் பழகிய பிறகுதான் 2013இல் பிட்பேசா என்ற கம்பனி பிட்கொயினையும் எம்-பேசாவையும் இணைத்துக் காசு அனுப்ப வந்தது. 2015இல் சஃபாரிகொம் இணைப்பை வெட்ட, வழக்கு நீதிமன்றம் வரை போனது. கிரிப்டோ நிறுவனங்களுக்கு அனுமதி கொடுக்கிற சட்டம் 2025இல்தான் வந்தது. இங்கே ஈசி கேஷ் 2012இலேயே வந்துவிட்டது, அதைப் போன்ற எம் கேஷும் இருக்கிறது, ஆனால் கிரிப்டோவைச் சட்டப்படி ரூபாவாக்கி அதற்குள் போடுகிற அனுமதி பெற்ற நிறுவனம் ஒன்றும் இல்லை. அது இல்லாத வரைக்கும் நடுவில் நிற்பது முகம் தெரியாத ஆள்தான். அப்படி ஒரு நிறுவனம் வர வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன், எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் வீட்டில் இருந்து வெளிநாட்டு வேலை செய்கிறார்கள்! அது வரைக்கும் நான் வெளிநாட்டுக் காசைப் பேயோனியர் என்ற ஒன்லைன் சேவையில் பெற்று வங்கிக்கு எடுக்கிறேன். கொஞ்சம் வெட்டும், ஆனால் காசு எங்கே இருந்து வந்தது என்று வங்கி கேட்டால் இன்வொய்ஸைக் காட்டலாம்.

களுவாஞ்சிக்குடி_தம்பி:

நன்றி அண்ணே, காக்கா, ராத்தா. அண்ணனிடம் பேசினேன், கட்டார் சட்டத்தைச் சொன்னதும் கொஞ்சம் பயந்துவிட்டார். ஆனால் 'ஒருமுறை சின்னத் தொகை போட்டுப் பார்ப்போமே' என்கிறார். அம்மாவின் கணக்கை விட்டு என் கணக்கில் போட்டால்?

வாவிக்கரை:

உன் கணக்கென்றால் முடங்குவது உன் கணக்கு, வேறு வித்தியாசம் இல்லை. சின்னத் தொகை என்பதும் பாதுகாப்பு இல்லை தம்பி, களவுக்காசு ஐயாயிரம் வந்தாலும் விசாரணை விசாரணைதான். இப்போது எக்ஸ்சேஞ்ச் கம்பனிகள் நிறையப் பேர் போன் அப் வைத்திருக்கிறார்கள், வரிசையில் நிற்கவும் தேவையில்லை. ஒரே நாளில் இரண்டு மூன்று அப்பில், 1,000 றியால் போட்டால் கட்டணம் எல்லாம் கழித்து அம்மாவுக்கு எத்தனை ரூபா போகும் என்று பார்க்கச் சொல்லு. கூட வருகிறதில் அனுப்பட்டும். ஈசி கேஷில் வைத்திருக்கக்கூடிய தொகைக்கு எல்லை உண்டு, ஆகவே வங்கிக்கு எடுத்து, தேவையானதை மட்டும் அம்மாவின் போனுக்கு மாற்று.

ஏறாவூர்_மச்சான்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், குவைத்திலும் இதே நிலைமையா? மச்சானுக்கு அங்கே இதே கதையைச் சொல்கிறார்கள்.

சம்மாந்துறை_வயல்:

குவைத் இன்னும் கடுமை. 2023 ஜூலையில் கிரிப்டோவால் பணம் கொடுப்பது, முதலீடு, மைனிங் (கணினி வைத்துக் கிரிப்டோ உருவாக்குவது) எல்லாவற்றுக்கும் தடை போட்டுவிட்டார்கள். மச்சானை அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.