பார்த்துவிட்டு வந்த ஊரும் செய்துவிட்டு வந்த ஊரும்: அனுபவப் பகிர்வு

கோயில், அருவி, மலை என்று பார்த்துவிட்டு வந்த பயணங்களை இந்தத் திரியில் எழுத வேண்டாம். ஒரு சின்ன ஊரில் உட்கார்ந்து, அந்த ஊர்க்காரரிடம் அவர் தொழிலைக் கொஞ்சமாவது கையால் செய்து பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்களா? நீங்கள் போனதால் அந்த ஊருக்கு ஏதாவது கிடைத்ததா, இல்லையா? அதையும் சேர்த்து எழுதுங்கள். "அருமையான அனுபவம்" என்று ஒரு வரி போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள்.

நானே தொடங்குகிறேன்.

மேற்கு வங்கம், மேற்கு மேதினிபூர் மாவட்டம், பிங்லா வட்டாரத்தில் நயா என்று ஒரு கிராமம். கதையைச் சுருளில் வரைந்து பாடிக்காட்டும் படச்சித்திரக்காரர்கள் கூட்டமாக வாழும் ஊர். எல்லோருக்கும் பின்பெயர் 'சித்திரகர்'. மதத்தால் முஸ்லிம்கள், ஆனால் பாடுவது பாம்புத் தெய்வமான மானசா தேவி கதையும் ராமாயணமும். காகிதங்களை ஒட்டி நீளமான சுருளாக்கி, பின்பக்கம் பழைய சேலைத் துணியை ஒட்டிப் பலப்படுத்துகிறார்கள். படத்தைக் கட்டம் கட்டமாக அவிழ்த்து, விரலால் காட்டிக்கொண்டே பாட வேண்டும். பாட்டு இல்லாவிட்டால் படம் பாதிதான். முன்பெல்லாம் ஊர் ஊராகச் சென்று வாசலில் பாடி, அரிசியும் சில்லறையும் வாங்கி வந்தார்கள். சினிமாவும் டிவியும் வந்த பிறகு அந்தப் பிழைப்பு சுருங்கிவிட்டது.

நிலைமை மாறியது 2000க்குப் பிறகுதான். கொல்கத்தாவைச் சேர்ந்த பங்களாநாடக் டாட் காம் என்ற அமைப்பு இவர்களோடு சேர்ந்து வேலை செய்தது. 2010 முதல் நவம்பரில் 'பட் மாயா' என்ற திருவிழா நடக்கிறது. 2013இல் மாநில அரசும் யுனெஸ்கோவும் சேர்ந்து கிராமக் கைவினை மையங்கள் திட்டத்தைத் தொடங்கியபோது அதில் பிங்லாவும் இடம்பெற்றது.

நான் போனது திருவிழா இல்லாத நாளில். தங்கியது ஓவியர் வீட்டிலேயே. காலையில் அந்த வீட்டு அம்மா என்னை வேலியோரம் கூட்டிப்போய், அவரைக்கொடியின் இலையைப் பறிக்கச் சொன்னார். அதைக் கசக்கிப் பிழிந்தால் பச்சை. நீலத்துக்குச் சங்குப்பூ. மஞ்சளுக்கு மஞ்சளேதான். விளக்குக் கரி கறுப்பு. எல்லாவற்றையும் கொட்டாங்கச்சியில் வைத்து வில்வக்காய்ப் பசையைக் கலக்கிறார்கள். பசை கூடினால் வண்ணம் காய்ந்ததும் வெடிக்கும், குறைந்தால் உதிரும். எவ்வளவு என்று கேட்டேன். சிரித்தார். விரலால் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம்.

நான் வரைந்த மீன் மீன் மாதிரி இல்லை. அது போகட்டும். ஊரை விட்டுக் கிளம்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வீட்டுக்கு நான் கொடுத்தது ஐந்து வகைப் பணம்: படுக்கைக்கு, சாப்பாட்டுக்கு, சொல்லிக்கொடுத்ததற்கு, பாடியதற்கு, கடைசியாக வாங்கிய சுருளுக்கு. சுருளே வாங்காமல் வந்திருந்தாலும் நான்கு வகை அவர்களுக்குக் கிடைத்திருக்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதே பயணத்தில் ஒடிசாவில் ரகுராஜ்பூருக்கும் போனேன். பூரிக்குப் பக்கம், பார்கவி ஆற்றங்கரை. இரண்டு வரிசை வீடுகள், நடுவில் சின்னச் சின்னக் கோயில்கள். ஒடிசி நடன மேதை கேளுசரண் மகாபாத்ரா பிறந்த ஊர். பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு 2000இல் பாரம்பரியக் கிராமமாக அறிவித்தது. கலையில் நயாவுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. துணியில் புளியங்கொட்டைப் பசையும் சுண்ணப்பொடியும் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றி, அதன் மேல் எழுதுகிறார்கள். பனையோலை வேலை நமக்கு இன்னும் நெருக்கம். நம் ஏட்டுச்சுவடிதான், எழுத்தாணிதான். கீறும்போது ஒன்றுமே தெரியாது. கரியைத் தேய்த்துத் துடைத்த பிறகு கோடு கறுப்பாக எழுந்து வருகிறது. அதைப் பார்த்துச் சின்னப் பையன் மாதிரி கைதட்டினேன்.

ஆனால் பெரும்பாலானவர்கள் பூரியில் ரூம் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் இங்கே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் விற்றால்தான் காசு. அதனால் ஒவ்வொரு வாசலிலும் 'உள்ளே வாங்க, உள்ளே வாங்க'. கூட்டி வந்த ஆட்டோக்காரர் எந்த வீட்டில் நான் வாங்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவைத்திருந்தார். ஓவியர்கள் மேல் தப்பில்லை. ராத்தங்காத விருந்தாளியிடம் வேறு எப்படிச் சம்பாதிப்பது? ஒரு ஊருக்கு எத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள் என்ற கணக்கை நான் இப்போது மதிப்பதில்லை. எத்தனை பேர் ராத்திரி தங்கினார்கள் என்பதுதான் கணக்கு.

அடுத்தவர்கள் எழுதுங்கள்.

மறுமொழி: கும்பகோணத்திலிருந்து

சார், நான் பயணி இல்லை, மறுபக்கத்து ஆள். என் மாமா மகன் சுவாமிமலையில் ஒரு சிற்பப் பட்டறையில் மெழுகு வேலை செய்கிறான். நானும் அங்கே அடிக்கடி போய் உட்கார்ந்திருப்பேன். வெளிநாட்டுக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், இப்போது ரீல்ஸ் எடுக்கிறவர்கள் எல்லாரும் வருகிறார்கள்.

வருகிறவர்களுக்கு எல்லாம் வார்ப்பைத்தான் பார்க்க வேண்டும். உலோகம் உருகி ஊற்றுவது பார்க்க நன்றாக இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது சில நிமிஷம். அதற்கு முன்னால் தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, கையில் பிடித்துப் பிடித்து உருவம் கொண்டுவர வேண்டும். அளவுக்குத் தென்னங்கீற்றை மடித்து வைத்துக்கொள்வார்கள், டேப் கிடையாது. அப்புறம் காவிரி வண்டல் மண்ணை மேலே பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, கம்பி கட்டி, வறட்டி அடுக்கிச் சுட்டு மெழுகை வெளியே விடணும். வார்த்து முடித்ததும் அந்த அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஒரு அச்சுக்கு ஒரு சிலை. உளி வேலை அதன்பிறகுதான் ஆரம்பம், வாரக்கணக்கில் போகும்.

இதில் வருகிறவர் கை வைக்கக்கூடிய ஒரே இடம் மெழுகு. தப்பினால் உருக்கிவிட்டு மறுபடி பிடிக்கலாம், நஷ்டமில்லை. அதனால் எங்கள் பையன் இப்போது தனியாக ஒரு சட்டியில் மெழுகு வைத்திருக்கிறான், வருகிறவர்களுக்கென்றே. ஒரு விரலோ ஒரு தாமரை மொட்டோ பிடித்துப் பார்க்கட்டும். அரை நாள் உட்கார்ந்தால் அந்த அரை நாள் கூலியைக் கேட்டு வாங்குகிறான்.

முதலில் ஸ்தபதிக்கு இதில் சம்மதமே இல்லை. 'பூஜைக்குப் போகிற சாமி இருக்கிற இடம், விளையாட்டு வேண்டாம்' என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். இப்போது ஆர்டர் சாமிகள் இருக்கும் பக்கம் யாரையும் விடுவதில்லை. கற்றுக்கொள்கிற இடம் வேறு, வேலை நடக்கிற இடம் வேறு. சுற்றுலாத் திட்டம் எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்தால் தேவலை. ஒரு நாளைக்கு இருபது பேர் வந்து கேள்வி கேட்டால் பட்டறையில் வேலை நடக்காது, சார்.

மறுமொழி: காரைக்குடியிலிருந்து

எங்கள் பக்கம் நிலவரம் சுருக்கமாக. ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் பூவேலை ஓடு, போடுவதைப் பார்க்க நிறையப் பேர் வருகிறார்கள். கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் கலர் சிமென்டுக் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்டும் போட்டு அழுத்துவார்கள். அந்தக் கண்ணாடியால்தான் அப்படி ஒரு வழவழப்பு. சூளை கிடையாது, தண்ணீரில் ஊறவைப்பதோடு சரி. பார்க்கிறவர்கள் எல்லாம் 'நானும் ஒண்ணு ஊத்தட்டுமா' என்கிறார்கள். ஊற்றுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், கிளம்புகிறார்கள். நான் பார்த்த பட்டறையில் சொல்லிக்கொடுத்த ஆளுக்கு அன்றைக்கும் அதே கூலிதான். பெரிய வீடுகள் ஓட்டலாகிவிட்டன, அதில் ஒரு ராத்திரிக்கு என்ன வாடகை என்று உங்களுக்கே தெரியும். ராத்தங்கினால் ஊருக்குப் பணம் வரும் என்று முதல் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். யார் வீட்டில் தங்கினார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், அண்ணா.

மறுமொழி: ஜப்பானிலிருந்து

காரைக்குடி நண்பர் கேட்டது சரியான கேள்வி. நான் இருக்கும் நாட்டிலிருந்து ஒன்று சொல்கிறேன்.

நீகாத்தா மாகாணத்தில் எச்சிகோ-த்சுமாரி என்ற மலைப்பகுதி. குளிர்காலத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிப் பனி கொட்டும். இளைஞர்கள் தோக்கியோவுக்குப் போய்விட, பள்ளிக்கூடங்கள் மூடின, வீடுகள் பூட்டிக் கிடந்தன. 2000இல் கிதகாவா ஃபுராம் என்பவர் தலைமையில் இங்கே மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைவிழாவைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 760 சதுர கிலோமீட்டர் பரப்பில், வயலிலும் காலி வீட்டிலும் மூடிய பள்ளியிலும் கலைப்படைப்புகள். ஒரு விவசாயியின் பழைய வீட்டில் பல்கலைக்கழக மாணவர்கள் சுவர், தூண், தரை எல்லாவற்றையும் உளியால் செதுக்கியிருக்கிறார்கள். ஓர் அங்குலம் விடவில்லை. காலை வைக்கும்போதே உள்ளங்காலில் தெரியும்.

எனக்குப் பிடித்தது உபுசுனா வீடு. 1924இல் கட்டிய கூரை வீடு, 2004 நிலநடுக்கத்தில் அடிபட்டது. 2006இல் அதைப் பீங்கான் கலைக்கென்று புதுப்பித்தார்கள். அடுப்பு முதல் கை கழுவும் தொட்டி வரை சுட்ட மண்ணால் கலைஞர்கள் செய்தவை. அங்கே உணவகமும் நடக்கிறது. சமைப்பதும் பரிமாறுவதும் அந்தக் கிராமத்துப் பெண்கள், அவர்கள் தோட்டத்துக் காய்கறி.

அதே பகுதியில் மத்சுதாயில் மலைச்சரிவு வயல்களுக்குச் சந்தா கட்டலாம். நாற்று நடவுக்கும் அறுவடைக்கும் போகலாம், விளைந்த அரிசியில் பங்கு வீட்டுக்கு வரும். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்த நான் நாற்று நட்டது அங்கேதான். ஊரில் இருந்தவரை அப்பா வயலில் இறங்க விட்டதில்லை, படிக்கிற பையன் என்று. பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த பாட்டி என் வரிசையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பிடுங்கித் திரும்ப நட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. மக்கள்தொகை இன்னமும் குறைந்துகொண்டுதான் போகிறது. போனவர்கள் கூட்டமாகத் திரும்பி வரவில்லை. இருக்கிற கிழவிகளுக்கு வேலையும் வருமானமும் பேச ஆளும் கிடைத்திருக்கிறது, பூட்டிய வீடுகள் சில திறந்திருக்கின்றன. இதற்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. இரண்டு ஆண்டுத் திட்டம் போட்டுவிட்டுப் பலன் எங்கே என்று கேட்கிறவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

மறுமொழி: திருநெல்வேலியிலிருந்து

நான் பத்தமடைக்குப் பக்கத்து ஊர்க்காரி. பட்டுப் பாய் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீங்க, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பொண்ணு பேரைப் போட்டு நெய்து வாங்குவார்கள். கோரையை மெல்லிசாகக் கிழித்து ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, அப்புறம் நூல் பாவில் கோத்து நெய்ய வேண்டும். நல்ல பாயை மடித்தால் துணி மாதிரி மடங்கும்.

இங்கே நெய்கிறவர்கள் அதிகமும் முஸ்லிம் பெண்கள், வேலை நடப்பது வீட்டுக்குள். ஆகவே 'எல்லாரும் வாங்க, உக்காந்து பழகுங்க' என்று போர்டு மாட்ட முடியாது. சென்னையிலிருந்து வந்த டிசைன் படிக்கிற பெண்கள் இரண்டு பேரை நான் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பெண்கள் என்பதால் உள்ளே வரை விட்டார்கள். சாயங்காலம் வரை இருந்தார்கள், சாப்பாடும் அங்கேயே. கிளம்பும்போது அந்தப் பிள்ளைகள் பணம் நீட்ட, அந்த அக்கா வாங்கவே இல்லை. 'பாய்க்குக் காசு வாங்கலாம், படிக்க வந்த பிள்ளைக்கிட்ட எப்படிம்மா வாங்குறது?' என்றார்கள். நான்தான் ஒரு மணி நேரம் பேசி வாங்க வைத்தேன். இதே அக்கா நெய்த பாயை வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்பான், அப்போது கொடுத்துவிடுவார்கள்.

அடுத்த தடவை வேறு பிள்ளைகள் வந்தபோது போனிலேயே தொகையைப் பேசிவிட்டேன். நேரில் பேரம் இல்லாததால் அக்காவுக்கும் கூச்சம் இல்லை. தங்குவதற்கு மட்டும் இன்னும் இடமில்லை, திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டியிருக்கு. இரண்டு ரூமும் சுத்தமான கழிப்பறையும் இருந்தால் போதும். அதற்கு யாரைப் பிடிக்கணும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திரியைத் தொடங்கியவர்

காரைக்குடித் தம்பி, ஒப்புக்கொள்கிறேன். நயாவில் படுக்கைக் காசு ஓவியர் வீட்டுக்கே போனது, அதனால்தான் கணக்கு நேரானது.

நெல்லைச் சகோதரி, நயாவிலும் ஓவியர்கள் தங்கள் வீட்டிலேயே ஒரு அறையை ஒழித்துத்தான் விருந்தாளிக்குக் கொடுக்கிறார்கள். தனிக் கட்டடத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அக்கா வீட்டில் முடியாவிட்டாலும், உங்கள் ஊரில் ஒரு அறை இருக்கிற வீடு கிடைக்காதா?

எப்படிப் போவது என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: ஹவுராவிலிருந்து கரக்பூர் பாதையில் பாலிசக் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து வண்டியில் போக வேண்டும். நவம்பர் திருவிழாவில் எல்லாச் சுருளையும் ஒரே இடத்தில் பார்க்கலாம், ஆனால் உட்கார்ந்து வரைய இடமும் நேரமும் கிடைக்காது. சாதாரண நாளில் போங்கள். முன்பே போனில் சொல்லிவிடுங்கள், மீன் சாப்பிட மாட்டேன் என்றால் அதையும் சேர்த்து.